வெள்ளைப் பட்டை மரம்: பிர்ச் வைக்கலாமா, வேறு வைக்கலாமா?

தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் வீடு வாங்கித் தோட்டம் போடும் நம்மவர்கள் பலருக்கு ஒரே ஆசைதான்: வாசல் புல்தரையில், பட்டை வெளேரென்று உரிந்து நிற்கும் மூன்று பிர்ச் மரங்கள். மெல்ரோஸ் முருகன் கோயிலுக்குப் போய்வரும்போது வடக்குப் புறநகர்களின் பழைய மதில்களுக்கு மேலே அவற்றைப் பார்த்து ஆசைப்பட்டிருப்பார்கள். குளிர்காலத்தில் இலை எல்லாம் கொட்டிய பிறகும் அடிமரம் மட்டும் வெயிலில் பளிச்சென்று நிற்கும். யாருக்கும் பிடித்துப்போகும் மரம்தான்.

டர்பனிலிருந்து வரும் ஆயாமார் மட்டும் மயங்க மாட்டார்கள். "காயும் இல்ல, கறிவேப்பிலையும் இல்ல, இதுக்கு எதுக்குக் கண்ணு இவ்ளோ தண்ணி?" என்று கேட்டுவிடுவார்கள். அந்தக் கேள்வியில் பாதி பதில் அடங்கியிருக்கிறது. பிர்ச் வைக்கலாமா கூடாதா என்பதைத் தீர்மானிப்பது தண்ணீர்தான். அதிலும் ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் தண்ணீர். அந்த மூன்று மாதம் யாராவது தவறாமல் ஊற்றுவார்கள் என்றால் பிர்ச் வையுங்கள். இல்லையென்றால் அதே அழகில் முக்கால்வாசியைத் தரும் உள்ளூர் மரங்கள் இருக்கின்றன. என் ஓட்டு பெரும்பாலான வீடுகளுக்கு லாவெண்டர் மரத்துக்குத்தான். காரணங்களைக் கீழே சொல்கிறேன்.

முதலில் ஊர்க் கணக்கு. டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் வாசகர்கள் பிர்ச்சை மறந்துவிடலாம். கடலோரப் புழுக்கமும் உறைபனியே இல்லாத குளிர்காலமும் அதற்கு ஒத்துவராது. சரியாக உறங்காமல், சரியாகத் துளிர்க்காமல், நோஞ்சானாகவே நிற்கும். ஹௌவிக், ஹில்டன், நாட்டிங்ஹாம் ரோடு போன்ற மிட்லண்ட்ஸ் பகுதியில் நிலைமை நேர்மாறு. மூடுபனியும் குளிரும் சேர்ந்து அங்கே பிர்ச் பெரிய சிரமமில்லாமல் வளர்கிறது. உண்மையான யோசனை தேவைப்படுவது ஹைவெல்டில், அதாவது ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியாவைச் சுற்றிய மேட்டுநிலத்தில், இருப்பவர்களுக்குத்தான்.

பிர்ச் ஏன் காய்கிறது

சில்வர் பிர்ச் ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வரை இயல்பாக வளர்கிற மரம். நம் ஜூலை உறைபனி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மொத்த மழையும் குறைவு என்று சொல்ல முடியாது. ஜோகன்னஸ்பர்க்கில் ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் பெய்கிறது. லண்டனில் அதைவிடக் குறைவு, 600 சொச்சம்தான். ஆனால் லண்டனில் அது பன்னிரண்டு மாதமும் தூறலாக விழுகிறது. இங்கே பெரும்பகுதி அக்டோபர் முதல் மார்ச் வரை, மாலை இடியோடு ஒரேயடியாகக் கொட்டிவிட்டு ஓடிவிடுகிறது.

இலையில்லாமல் உறங்கும் ஜூன், ஜூலையில் மரத்துக்கு அதிகம் தண்ணீர் வேண்டாம், வேர் முழுக்க உலர்ந்துபோகாமல் இருந்தால் சரி. ஆகஸ்ட் பிற்பாதியில் வெயில் ஏறியதும் மொட்டு விரியத் தொடங்கும். இளம் இலைகள் வந்துவிடும், மழை வந்திருக்காது. மண் நான்கு மாதமாகக் காய்ந்து கிடக்கும். ஆகஸ்ட் காற்று வேறு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். பிர்ச்சின் வேர்கள் மேல்மண்ணிலேயே பரவுபவை, ஆழத்தில் போய்த் தண்ணீர் தேடும் பழக்கம் அதற்குக் குறைவு. சில ஆண்டுகளில் முதல் நல்ல மழை அக்டோபர் கடைசி வரை வராது. அதற்குள் இலை ஓரம் பழுப்பாகிக் கருகி, உச்சிக் கிளைகள் காய ஆரம்பித்துவிடும். உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் காய்கிற பிர்ச்சைப் பார்த்துப் பலர் ஏதோ நோய் என்று மருந்து தேடுகிறார்கள். பெரும்பாலும் அது தாகம்தான்.

2015 மாதிரி ஓர் ஆண்டு வந்தால் நிலைமை இன்னும் மோசம். 1904இல் பதிவு தொடங்கியதிலிருந்து தென்னாப்பிரிக்கா முழுவதற்குமான மழை மிகக் குறைந்த ஆண்டு அது. அப்படிப்பட்ட ஆண்டில் தோட்டத்தில் முதலில் முகம் வாடுவது பிர்ச்சாகத்தான் இருக்கும்.

"சரி, ஊற்றிவிட்டால் போச்சு" என்பீர்கள். ஊற்றலாம். இளமரத்துக்கு அந்த மாதங்களில் வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று வாளி, மெதுவாக மண்ணில் இறங்கும்படி. தினமும் கொஞ்சம் தெளிப்பதால் பயனில்லை. வேர் இன்னும் மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஜோகன்னஸ்பர்க் நகர விதிப்படி செப்டம்பர் 1 முதல் மார்ச் 31 வரை காலை 6 மணியிலிருந்து மாலை 6 மணி வரை ஹோஸ் பைப்பில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடக் கூடாது. ஆகவே விடிகாலையிலோ, வேலை முடிந்து வந்து மாலை ஆறுக்கு மேலோதான் ஊற்ற வேண்டும். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். குழாயில் தண்ணீரே வராத நாட்களுக்கு ஜோஜோ தொட்டி (பெரிய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) வேண்டும். இதையெல்லாம் முதல் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு விடாமல் செய்ய வேண்டும். அதன் பிறகும் வறண்ட வசந்தத்தில் கை கொடுக்க வேண்டும்.

லெனேசியா, செஞ்சூரியன் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அந்தப் பகுதிகளில் பெரும்பாலும் கீழே டோலமைட் பாறை. மண்ணில் இறங்கும் தண்ணீர் அந்தப் பாறையைக் காலம் காலமாகக் கரைத்து உள்ளே பொந்துகளை உண்டாக்கியிருக்கிறது. கசியும் குழாயோ, ஒரே இடத்தில் தேங்கும் தண்ணீரோ மேல்மண்ணை அந்தப் பொந்துகளுக்குள் அடித்துக்கொண்டு போனால் தரை திடீரென்று உள்வாங்கிவிடும். அப்படிப் பள்ளம் விழுந்த செய்திகள் இந்தப் பகுதியினருக்குப் புதிதல்ல. டோலமைட் நிலத்தில் வீட்டுச் சுவரை ஒட்டித் தண்ணீர் தேங்கவிடக் கூடாது என்பது பாலபாடம். தாகம் மிகுந்த ஒரு மரத்தைச் சுவரிலிருந்து மூன்று மீட்டரில் வைத்துவிட்டு, வாரம் இருமுறை பாத்தி கட்டி ஊற்றுவது அங்கே செய்யக் கூடாத காரியம். உங்கள் இடம் அப்படியென்றால், வாசல் சிறியதென்றால், பிர்ச் பற்றிய பேச்சை இத்துடன் முடித்துவிடுவது நல்லது.

எந்த பிர்ச்?

நர்சரியில் வெறுமனே "பிர்ச்" என்று கேட்டால் பெரும்பாலும் சில்வர் பிர்ச் கொடுப்பார்கள். கிளை நுனிகள் தொங்கும், நிழல் மெல்லிசு, ஏப்ரல் மே மாதங்களில் வெண்ணெய் மஞ்சள் நிறம். பட்டையின் வெண்மைக்குக் காரணம் அதிலுள்ள பெட்டுலின் என்ற பொருள். கன்று சின்னதாக இருக்கும்போது பட்டை பழுப்பாகத்தான் இருக்கும். வெள்ளை வர சில ஆண்டுகள் ஆகும். வாங்கி வைத்த இரண்டாவது வருடம் "ஏமாற்றிவிட்டான்" என்று நர்சரிக்காரரைத் திட்ட வேண்டாம். வயதானதும் அடிப்பகுதி கறுத்து வெடிக்கும், அதுவும் அதன் இயல்பே.

சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளை வேண்டுமென்றால் இமயமலை பிர்ச்சின் ஜாக்மான்டி வகை. பெரும்பாலும் ஒட்டுக்கட்டி வருவதால் விலை கூடுதல். நமக்குப் பனையோலை எப்படியோ அப்படி வடக்கே காஷ்மீர் பக்கம் ஏடெழுதப் பயன்பட்ட பூர்ஜ மரம் இந்த இனம்தான். பக்சாலி கணித ஏடு இதன் பட்டையில் எழுதப்பட்டது. பெருமை எல்லாம் சரி, ஆனால் அது மலைக்குளிரில் பிறந்த மரம். சில்வர் பிர்ச்சைவிட வெயிலைத் தாங்கும் என்று எதிர்பார்த்து வாங்காதீர்கள்.

வெயில் தாங்கும் பிர்ச் என்றால் அது ரிவர் பிர்ச். கிழக்கு அமெரிக்க ஆற்றங்கரை மரம். வெப்பத்தையும் ஈரமான களிமண்ணையும் மற்ற பிர்ச்சுகளைவிட நன்றாகச் சமாளிக்கும். ஆனால் நீங்கள் ஆசைப்பட்ட வெள்ளை இதில் கிடைக்காது. பட்டை இளஞ்சிவப்பும் இலவங்க நிறமும் கலந்து சுருள் சுருளாக உரியும். எனக்கு அது வெள்ளையைவிட அழகாகப் படுகிறது. எல்லா நர்சரியிலும் இருக்காது, தேட வேண்டும். காரமண் இருந்தால் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாற்று மரங்கள்

லாவெண்டர் மரம். லாவெண்டர் செடிக்கும் இதற்கும் உறவு கிடையாது. நாவலும் கொய்யாவும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்த உள்ளூர் மரம் இது. இலையைக் கசக்கினால் வாசம் கமகமக்கும். குவாசுலு-நட்டால், ம்புமலாங்கா, லிம்போப்போ பகுதிகளில் இயல்பாக வளர்வது. ஒல்லியாக, பெரும்பாலும் 4 முதல் 10 மீட்டருக்குள் நிற்கும். முதிர்ந்த அடிமரம் வெளிறிய சாம்பலும் வெள்ளையுமாகச் செதில் செதிலாக உரியும். தள்ளி நின்று பார்த்தால் பிர்ச் போலவே தோன்றும், கிட்டப் போனால் வேறு. இலையுதிர்காலத்தில் மஞ்சளுக்குப் பதில் சிவப்பு. முக்கியமான விஷயம், வேர் அடக்கமானது. சுவர், பேவிங், குழாய் எதையும் தொந்தரவு செய்வதாகப் பெயர் எடுக்கவில்லை. நிலைத்துவிட்டால் வறட்சியைத் தாங்கிக்கொள்ளும். டர்பனிலும் வளரும் என்பதால், பிர்ச் மறுக்கப்பட்ட கடற்கரைவாசிகளுக்கும் இதுவே வழி.

குறை இல்லாமல் இல்லை. கடும் உறைபனியில் இளங்கன்று கருகும். ஜோகன்னஸ்பர்க்கின் மேட்டுப் பகுதிகளில் பிரச்சினை குறைவு. குளிர்காற்று வந்து தேங்கும் பள்ளத்து வீடுகளில் முதல் இரண்டு குளிர்காலம் உறைபனித் துணி போர்த்த வேண்டியிருக்கும். அந்த வெண்மையும் சில்வர் பிர்ச் அளவுக்குப் பளீரென்று இருக்காது. அதை ஏற்றுக்கொள்ள முடிகிறவர்களுக்குத்தான் இந்த மரம்.

ஒயிட் ஸ்டிங்க்வுட். ஹைவெல்டில் கவலையே இல்லாமல் ஒரு மரம் வேண்டும் என்பவர்களுக்கு இது. உறைபனி, வறட்சி இரண்டையும் தாங்கும். வழவழப்பான வெளிர்சாம்பல் பட்டை, வசந்தத்தில் கண்ணைப் பறிக்கும் இளம்பச்சை. அதன் சின்னப் பழங்களுக்குக் கொண்டைக்குருவியும் குக்குறுவானும் வரும். பிர்ச்சில் நம்மூர்ப் பறவைக்குச் சாப்பிட அதிகம் ஒன்றும் இல்லை. நிழல் அடர்த்தி, கோடையில் கீழே நாற்காலி போட்டு உட்காரலாம். ஆனால் பெரிதாகும். தோட்டத்தில் 12 மீட்டர் சாதாரணம், கிளையும் அகலமாகப் பரவும். சுவரிலிருந்து ஐந்தாறு மீட்டராவது தள்ளி வைக்க இடமில்லாதவர்கள் வாங்கக் கூடாது. இன்னொரு தொல்லை: இதே பெயரில் சீன, ஐரோப்பிய உறவு மரங்களும் அவற்றின் கலப்புகளும் நர்சரிகளில் விற்கப்பட்டிருக்கின்றன. உள்ளூர் மரங்களையே வளர்த்து விற்கும் நர்சரியில் வாங்குவது பாதுகாப்பு.

ஃபீவர் ட்ரீ பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: மஞ்சள்பச்சைப் பட்டை அற்புதம், அந்தப் பட்டையே இலை மாதிரி ஒளிச்சேர்க்கை செய்கிறது, தூக்கணாங்குருவி இனங்கள் கூடு கட்ட வரும், மளமளவென்று வளரும். பெரிய நிலம் இருந்தால் வையுங்கள். 500 சதுர மீட்டர் மனையில் வைத்தால் வேரும் முள்ளும் குழந்தைகளும் ஒத்துப்போகாது.

வீட்டுக்குப் பக்கத்தில் வந்தால்

பிர்ச் தரும் சில்லறைத் தொல்லைகளை விற்கிறவர்கள் சொல்வதில்லை. சிறகு முளைத்த பொடி விதைகள் தவிடு மாதிரி ஜன்னல் விளிம்பு, வலை, சமையலறை வரை வந்து சேரும். அசுவினிப் பூச்சி பிடித்தால் இலையிலிருந்து பிசுபிசுவென்று சொட்டும். கீழே நிறுத்திய கார் மேல் அது படிந்து, பிறகு கறுப்புப் பூஞ்சை ஏறும். ஆகவே கார் நிறுத்தும் இடத்துக்குப் பிர்ச் வேண்டாம். கூரைத் தண்ணீர்த் தாரையைச் சின்ன இலைகள் அடைக்கும். மகரந்த ஒவ்வாமை உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இன்னும் யோசியுங்கள். ஐரோப்பாவில் வசந்தகாலத் தும்மலுக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று பிர்ச் மகரந்தம். அந்த ஒவ்வாமை இருப்பவர்களில் சிலருக்கு ஆப்பிள் சாப்பிட்டால்கூட வாய் அரிக்கும். நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும்: பிர்ச்சின் நிழல் லேசானது, அடியில் செடிகள் வளரும், குளிர்காலத்தில் வெயிலை வீட்டுக்குள் முழுசாக விடும். மின்சாரம் போய் ஹீட்டர் ஓடாத ஜூலைக் காலையில் அது பெரிய விஷயம்.

எந்த மரம் வைத்தாலும் துளைப்பான் வண்டு ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். 2 மில்லிமீட்டர்தான் இருக்கும், எள்ளு போல. தெற்காசிய, தென்கிழக்காசியப் பக்கத்திலிருந்து வந்த இந்த வண்டு தென்னாப்பிரிக்காவில் 2017இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவின் பிளேன் மரங்களில் கண்டறியப்பட்டது. மரத்தைத் துளைத்து உள்ளே ஒரு பூஞ்சையை வளர்க்கும். மரத்தைக் கொல்வது பெரும்பாலும் அந்தப் பூஞ்சைதான். ஜோகன்னஸ்பர்க்கில் பாக்ஸ் எல்டர், பிளேன், ஓக் மரங்கள் நிறையப் போய்விட்டன. கல்யாண முருங்கையின் உறவான உள்ளூர் எரித்ரினாவும் தப்பவில்லை. ஆகையால் உள்ளூர் மரம் என்றாலே பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மரத்தைத் தாகத்தில் தவிக்கவிடாமல் வைத்திருப்பது, அடிமரத்தில் ஊசிமுனைத் துளைகள் தெரிகின்றனவா என்று அவ்வப்போது பார்ப்பது, பிரையிக்கு (வெளியில் நெருப்பில் இறைச்சி சுடுவதற்கு) விறகு வாங்கும்போது எங்கிருந்து வந்தது என்று கேட்பது: வீட்டுக்காரர் செய்யக்கூடியது இவ்வளவுதான்.

இனி முடிவு. சிறிய மனை, டோலமைட் நிலம், வாடகைக்கு விடும் வீடு, அடிக்கடி பயணம் போகும் குடும்பம், இவற்றில் எது பொருந்தினாலும் லாவெண்டர் மரம். பெரிய மனை, நிழல் வேண்டும், பராமரிக்க ஆளில்லை என்றால் ஒயிட் ஸ்டிங்க்வுட். மிட்லண்ட்ஸில் வீடு என்றால் தாராளமாகச் சில்வர் பிர்ச். ஹைவெல்டில் ஆழமான நல்ல மண், தண்ணீர்த் தொட்டி, மாலையில் ஹோஸ் பிடிக்க ஓய்வுபெற்ற தாத்தா ஒருவர், இந்த மூன்றும் உள்ள வீட்டில் பிர்ச் வைக்கலாம். ஐரோப்பாவில் 60, 80 ஆண்டு வாழும் மரம் இங்கே அவ்வளவு காலம் நிற்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

பிர்ச் என்று முடிவு செய்தால் சில விஷயங்கள். இங்கிலாந்துப் புத்தகமும் காணொளியும் பார்த்து நடாதீர்கள். திசையும் மாதமும் இங்கே தலைகீழ். அங்கே தெற்குச் சுவர் சுடும், நமக்கு வடக்கும் மேற்கும் சுடும். வீட்டின் தெற்கு அல்லது தென்கிழக்குப் பக்கத்தில், வேர் குளிர்ச்சியாக இருக்கும் இடமாகப் பாருங்கள். குழியை ஆழமாக வெட்டாமல் அகலமாக வெட்டுங்கள். அடிமரம் வேராக விரியும் இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். சுற்றிலும் ஒரு மீட்டருக்குப் புல்லை எடுத்துவிட்டு நான்கு விரல் கனத்துக்கு மூடாக்கு போடுங்கள், அடிமரத்தை ஒட்டிக் குவிக்காமல். சோப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். கவாத்து செய்ய வேண்டுமென்றால் ஜனவரி, பிப்ரவரியில். ஜூலை முதல் செப்டம்பர் வரை வெட்டினால் சாறு குழாய் திறந்தது போல ஒழுகும். உரியும் பட்டையைப் பிள்ளைகள் பிய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தானாக உரிவது வேறு, பிய்த்தெடுப்பது வேறு, பிய்த்த இடத்தில் கறுப்புத் தழும்பு நிற்கும்.

செப்டம்பரில் மரம் நடும் வாரத்தையொட்டி நர்சரிகள் களைகட்டும், ஆனால் பிர்ச்சுக்கு அது கொஞ்சம் தாமதம். ஜூலையில், இலையில்லாமல் உறங்கும்போதே வாங்கி நட்டுவிடுங்கள். சின்னக் கிளையை நகத்தால் லேசாகக் கீறினால் உள்ளே பச்சை தெரிய வேண்டும். பையின் அடியில் வேர் சுருண்டு சுருண்டு முட்டிக்கொண்டிருந்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள். உயரமாக இருக்கிறதே என்று 100 லிட்டர் பை மரத்துக்கு ஆசைப்பட வேண்டாம். 20 லிட்டர் பைக் கன்று சீக்கிரம் வேர் பிடித்து, சில ஆண்டுகளில் பெரியதை எட்டிப் பிடித்துவிடும். மிச்சமாகும் பணத்தில் மூடாக்குக்கு மரச்சில்லு வாங்கலாம். வண்டு பிடித்து வெட்டிய மரத்தின் பச்சைச் சில்லாக இல்லாமல், நன்றாக மட்கவைத்ததா என்று கேட்டு வாங்குங்கள்.